ஒரே கணினியில் மூன்று லினக்ஸ்: பூட் மெனுவை ஒழுங்காக அமைப்பது எப்படி?

லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பழகியவருக்கு அடுத்து வரும் ஆசை, பக்கத்திலேயே இன்னொன்றையும் போட்டுப் பார்ப்பது. டெபியன் ஏற்கெனவே இருக்கும். மின்ட் அழகாக இருக்கிறது என்பார்கள், ஃபெடோராவில் புதியவை முதலில் வரும் என்பார்கள். டிஸ்கில் இடமும் இருக்கிறது, போட்டுவிடலாம். நிறுவுவது அநேகமாகச் சிரமமில்லாமல் முடிந்துவிடும். தொல்லை சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அப்டேட் ஆன பிறகும் பழைய கர்னலே எழும். மெனுவில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். இல்லையென்றால் நேற்றுவரை டெபியனின் மெனு வந்த இடத்தில் இன்று வேறொன்றின் மெனு வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் (டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகை) இந்தக் கணினியில் தான்தான் முதலாளி என்று நினைத்துத் தன் பூட் லோடரை, அதாவது மெனுவைக் காட்டி இயங்குதளத்தை எழுப்பும் நிரலை, போட்டுக்கொள்கிறது. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் சாவிக்கொத்து யார் இடுப்பில் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மெனுவைக் காட்டும் பொறுப்பு ஒரே டிஸ்ட்ரோவுக்கு. மற்றவை அவரவர் பூட் லோடரை அவரவர் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். பொறுப்பாளர் அவற்றின் வாசல்வரை கொண்டுபோய் விட்டால் போதும், உள்ளே எந்தக் கர்னல் இருக்கிறது என்ற கவலை அவருக்கு வேண்டாம்.

இங்கே உதாரணத்துக்கு ஒரு லேப்டாப்பில் டெபியன் 12, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா மூன்றையும் வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் டெபியன். மூன்றின் பூட் லோடரும் கிரப் என்ற நிரல்தான். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும்.

முதலில் பார்க்க வேண்டியது

கணினி எழுவதில் இரண்டு முறை உண்டு: பழைய பயாஸ், புதிய யுஇஎஃப்ஐ. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸில் ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ.

யுஇஎஃப்ஐ கணினியில் ஃபேட்32 வடிவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) இருக்கும். அதை இஎஸ்பி என்பார்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் அதற்குள் தன் பெயரில் ஃபோல்டர் திறந்து பூட் லோடரை வைக்கும்: டெபியனுக்கு ‘இஎஃப்ஐ/டெபியன்’, ஃபெடோராவுக்கு ‘இஎஃப்ஐ/ஃபெடோரா’. எந்தக் கோப்பை ஓட்டுவது, எந்த வரிசையில் ஓட்டுவது என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் தனியாக இருக்கும். ஆகவே ஒருவர் இன்னொருவர் பூட் லோடரை மிதிக்கத் தேவையே இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: மின்ட் தன் பெயரில் ஃபோல்டர் திறக்காமல் ‘இஎஃப்ஐ/உபுண்டு’ என்றே திறக்கும். அது எங்கே உதைக்கும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எல்லா டிஸ்ட்ரோவையும் ஒரே முறையில் நிறுவ வேண்டும். ஒன்றை யுஇஎஃப்ஐயிலும் இன்னொன்றைப் பயாஸ் முறையிலும் போட்டால் ஒன்றின் மெனுவிலிருந்து மற்றொன்றின் பூட் லோடருக்குப் போக வழியிருக்காது. யுஎஸ்பியிலிருந்து நிறுவும்போது சில கணினிகளின் பட்டியலில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும். பெயருக்கு முன்னால் ‘யுஇஎஃப்ஐ’ என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

பொறுப்பாளர் யார்?

எதை அழிக்கவே மாட்டீர்களோ அதுதான். அழகோ வேகமோ இதில் கணக்கில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் தூக்கப்போகும் டிஸ்ட்ரோவிடம் மெனுவைக் கொடுத்தால், அதன் பார்ட்டிஷனை அழித்த மறுநாள் கறுப்புத் திரையில் ‘கிரப்>’ என்று மட்டும் எழுதிக்கொண்டு கணினி நிற்கும். டெபியன், உபுண்டு எல்டிஎஸ் போல நிதானமாக நகர்பவை இந்த வேலைக்குத் தோதானவை.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

டிஸ்கைப் பிரிக்கும் கட்டத்தில் தானியங்கி முறையை விட்டுவிட்டு, கைமுறைப் பிரிவினையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனி ரூட் பார்ட்டிஷன். கர்னல்கள் இருக்கும் ‘/பூட்’டைப் பகிரக் கூடாது. பயனரின் கோப்புகள் இருக்கும் ‘/ஹோம்’ பகிர்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே டெஸ்க்டாப்பின் இரண்டு வெவ்வேறு பதிப்புகள் ஒரே அமைப்புக் கோப்பில் மாறி மாறி எழுதும்போது, வால்பேப்பரில் ஆரம்பித்து மெயில் வரை கோளாறு வரும். பொதுக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு டேட்டா பார்ட்டிஷன் வைத்துக்கொள்வதே மேல்.

இஎஸ்பி ஒன்று போதும், மூன்றும் அதையே பயன்படுத்தலாம். நிறுவியில் அதை ‘/பூட்/இஎஃப்ஐ’ என்ற இடத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஃபார்மேட் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு டிக், அதுவரை நிறுவிய எல்லா டிஸ்ட்ரோவின் பூட் லோடரையும் ஒரே நொடியில் துடைத்துவிடும். அடுத்த பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த ஒரு வரியை இரண்டாம் முறை படியுங்கள்.

ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷனிலும் இதே போன்ற பொறி இருக்கிறது. ஏற்கெனவே டெபியன் பயன்படுத்தும் ஸ்வாப்பைப் புதிய நிறுவி கண்டால், அதையும் எடுத்து ஃபார்மேட் செய்துவிடக்கூடும். அப்போது அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறிவிடும். அடுத்த முறை டெபியன் எழும்போது ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று ஒரு வரி தோன்றி, இல்லாத பழைய ஸ்வாப்புக்காக 90 நொடி காத்திருக்கும். கணினி திடீரென்று மெதுவாகிவிட்டதாக நினைத்துப் பலர் டிஸ்கையே சந்தேகிப்பார்கள். ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பில் புது யுயுஐடியைப் போட்டால் காத்திருப்பு போய்விடும். ஹைபர்னேட் செய்யும் பழக்கம் இருந்தால் ஸ்வாப்பைப் பகிரவே வேண்டாம். ஒன்றை ஹைபர்னேட்டில் போட்டுவிட்டு இன்னொன்றில் எழுந்தால், சேமித்து வைத்த நினைவக நிலை அழிந்துபோகும்.

பூட் லோடரைப் பொறுத்தவரை ஒவ்வொரு நிறுவியும் தன்னுடையதைப் போட்டுக்கொள்ள விடுங்கள். யுஇஎஃப்ஐயில் அதைத் தடுக்க முயல்வது வீண் வேலை. கடைசியாக நிறுவியது பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான். அதைத் திருத்தச் சில நொடி போதும்.

வரிசையை மாற்றுதல்

மூன்றையும் நிறுவி முடித்ததும் கணினி ஃபெடோராவில் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் எதில் இருந்தாலும் டெர்மினலில் ‘சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்று அடியுங்கள். இப்படி ஒரு பட்டியல் வரும்:

பூட்ஆர்டர்: 0003,0002,0000
பூட்0000* டெபியன்
பூட்0002* உபுண்டு
பூட்0003* ஃபெடோரா

‘உபுண்டு’ என்று தெரிவது நம் மின்ட்தான், பதற வேண்டாம். டெபியனை முன்னால் கொண்டுவர:

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0000,0002,0003

இந்த ‘ஓ’ ஆங்கிலச் சிற்றெழுத்து, பூஜ்யம் அல்ல. எண்கள் பதினாறடிமானத்தில் இருப்பதால் சில கணினிகளில் 000ஏ போன்றவையும் வரும், அப்படியே எழுதுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் டெபியனின் மெனு வரும்.

தானாகத் தேடும் ஓஎஸ்-புரோபர் ஏன் போதாது?

கிரப் மெனுவில் மற்ற இயங்குதளங்களைச் சேர்க்க ஓஎஸ்-புரோபர் என்ற நிரல் உண்டு. 2021இல் வந்த கிரப் 2.06 முதல் பாதுகாப்புக் காரணங்களுக்காக அது இயல்பாக அணைந்தே இருக்கும். ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் ‘கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்று எழுதி, ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுத்தால் உயிர்பெறும். ஒருமுறை போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறவர்களுக்கு இதுவே போதும். நிறைய வழிகாட்டிகள் இதோடு முடிந்துவிடுவதும் அதனால்தான்.

அது செய்வது என்ன என்று பார்த்தால் குறை புரியும். அப்டேட்-கிரப் ஓடிய நொடியில் மின்ட்டில் எந்தக் கர்னல் இருந்ததோ, அந்தக் கோப்பின் பெயரை எண்ணோடு அப்படியே டெபியனின் மெனுவில் எழுதி வைக்கிறது. அடுத்த வாரம் மின்ட்டில் புதுக் கர்னல் வருகிறது. மின்ட் தன் மெனுவைப் புதுப்பித்துக்கொள்ளும், டெபியனுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் பழைய கர்னலிலேயே எழுந்துகொண்டிருப்பீர்கள். இன்னும் சில அப்டேட் கழித்து மின்ட் அந்தப் பழைய கர்னலை நீக்கியதும், மெனு காட்டும் கோப்பே இருக்காது. மின்ட்டில் கர்னல் மாறும்போதெல்லாம் டெபியனுக்குள் போய் அப்டேட்-கிரப் கொடுக்க யாருக்கு நினைவிருக்கும்?

செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து உள்ள நிரலை மட்டும் எழவிடும் யுஇஎஃப்ஐ வசதி) போட்டிருந்தால் இன்னொன்றும் சேரும். டெபியனின் பூட் லோடர் டெபியன் கையெழுத்திட்ட கர்னலைத்தான் நம்பும். ஓஎஸ்-புரோபர் எழுதிய வரி மின்ட்டின் கர்னலை நேரடியாக ஏற்ற முயலும்போது ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று மறுத்துவிடும்.

அதனால் அதை அணைத்தே வைத்துவிட்டு, கையால் எழுதுவோம்.

கையால் எழுதும் மெனு

முதலில் இஎஸ்பியின் யுயுஐடி வேண்டும். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்று அடித்தால் எல்லாப் பார்ட்டிஷனும் வரிசையாக வரும். விஃபேட் என்ற வகையில், ‘/பூட்/இஎஃப்ஐ’ என்ற இடத்தில் இணைந்திருப்பது இஎஸ்பி. மற்றவற்றின் யுயுஐடி நீளமாக இருக்கும். இதன் எண் மட்டும் குட்டையாக, நடுவில் ஒரு கோட்டோடு 1234-5678 என்ற வடிவில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இஎஸ்பிக்குள் எட்டிப்பாருங்கள்: ‘சூடோ எல்எஸ் /பூட்/இஎஃப்ஐ/இஎஃப்ஐ’. டெபியன், ஃபெடோரா, உபுண்டு ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ’ என்ற கோப்பு இருக்கும். அந்த டிஸ்ட்ரோவின் வாசல் அதுதான்.

இப்போது டெபியனில் ‘/இடிசி/கிரப்.டி/40_கஸ்டம்’ கோப்பை நிர்வாகி உரிமையோடு திறவுங்கள். மேலே சில வரிகள் ஏற்கெனவே இருக்கும், அவற்றில் ‘எக்ஸெக் டெயில்’ என்று ஒன்றும் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் கீழே இதை எழுதுங்கள் (1234-5678 என்ற இடத்தில் நீங்கள் குறித்துவைத்த எண்):

மெனுஎன்ட்ரி "லினக்ஸ் மின்ட்" {
  சேவ்டிஃபால்ட்
  இன்ஸ்மாட் பார்ட்_ஜிபிடி
  இன்ஸ்மாட் ஃபேட்
  இன்ஸ்மாட் செயின்
  செர்ச் --நோ-ஃப்ளாப்பி --எஃப்எஸ்-யுயுஐடி --செட்=ரூட் 1234-5678
  செயின்லோடர் /இஎஃப்ஐ/உபுண்டு/ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ
}

ஃபெடோராவுக்கு இதையே நகலெடுத்துப் பெயரையும், கடைசி வரியில் ‘உபுண்டு’ என்ற இடத்தில் ‘ஃபெடோரா’வும் மாற்றுங்கள். யுயுஐடி இரண்டுக்கும் ஒன்றே, ஏனென்றால் இரண்டும் இருப்பது அதே இஎஸ்பியில். இதில் கர்னல் எண் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மின்ட்டில் எத்தனை கர்னல் வந்து போனாலும் இந்த வரிகள் மாறத் தேவையில்லை. ஷிம் கோப்பு மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்தோடு வருவதால் செக்யூர் பூட்டும் பொதுவாக இதை விட்டுவிடும்.

‘சேவ்டிஃபால்ட்’ வரி எதற்கு? கடைசியாக எதில் எழுந்தீர்களோ அதையே அடுத்த முறையும் தேர்ந்தெடுத்து வைக்க. அது வேண்டுமானால் ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் இரண்டு வரி மாற வேண்டும்: ‘கிரப்_டிஃபால்ட்=சேவ்ட்’, ‘கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ’. தானாக உருவாகும் மெனு வரிகளில் சேவ்டிஃபால்ட் தானாகவே வந்துவிடும், கையால் எழுதுபவற்றில் நாம்தான் போட வேண்டும். இதை விட்டுவிட்டு, ஃபெடோரா மட்டும் நினைவில் நிற்கவில்லையே என்று தேடுகிறவர்கள் உண்டு. பொறுப்பாளரின் ‘/பூட்’ பிடிஆர்எஃப்எஸ்ஸிலோ எல்விஎம்மிலோ இருந்தால் இந்த வசதி வேலை செய்யாது, கிரப்பால் அங்கே எழுத முடியாது. டெபியனின் வழக்கமான இஎக்ஸ்டி4இல் சிக்கல் இல்லை.

அதே கோப்பில் ‘கிரப்_டைம்அவுட்=5’ என்று வைத்தால் ஐந்து நொடி காத்திருக்கும். ஓஎஸ்-புரோபர் வரியில் ‘ட்ரூ’ என்று போட்டு அணைத்துவிடுங்கள். அப்புறம்:

சூடோ அப்டேட்-கிரப்
சூடோ கிரப்-ஸ்கிரிப்ட்-செக் /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி

இரண்டாவது கட்டளை ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் எழுத்தில் பிழையில்லை என்று பொருள். அடைப்புக்குறி ஒன்றை விட்டிருந்தால் எந்த வரி என்று காட்டிக்கொடுக்கும். மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே தெரிவது நல்லதுதானே.

மின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் அதன் சொந்த மெனுவும் ஒருமுறை வந்து போகலாம். தொல்லையாக இருந்தால் மின்ட்டுக்குள் போய் அங்கே டைம்அவுட்டை 1 ஆக்கி, அங்கும் அப்டேட்-கிரப் கொடுங்கள். ஃபெடோராவில் அப்டேட்-கிரப் இல்லை. ‘சூடோ கிரப்2-எம்கேகான்ஃபிக் -ஓ /பூட்/கிரப்2/கிரப்.சிஎஃப்ஜி’ என்று கொடுக்க வேண்டும். பழைய குறிப்புகள் சிலவற்றில் இஎஸ்பிக்குள் இருக்கும் ‘இஎஃப்ஐ/ஃபெடோரா/கிரப்.சிஎஃப்ஜி’ மேல் எழுதச் சொல்லியிருக்கும். ஃபெடோரா 34 முதல் அது உண்மையான கோப்புக்கு வழிகாட்டும் சிறு குறிப்பு மட்டுமே, அதன்மேல் எழுதாதீர்கள்.

உபுண்டுவும் மின்ட்டும் சேர்ந்து இருந்தால்

இங்கேதான் அந்த ஃபோல்டர் பெயர் உதைக்கும். இரண்டுமே ‘இஎஃப்ஐ/உபுண்டு’வில் எழுதுவதால் கடைசியாக எழுதியவருக்கே இடம். அதற்குள் இருக்கும் குட்டி ‘கிரப்.சிஎஃப்ஜி’, எந்தப் பார்ட்டிஷனின் மெனுவைத் திறப்பது என்று யுயுஐடியோடு சொல்லும் சில வரிகள்தான். அது யாரைக் காட்டுகிறதோ அவரே முதலாளி.

உபுண்டுவைப் பொறுப்பாளராக வைக்க நினைத்தால், உபுண்டுவுக்குள் எழுந்து ‘சூடோ கிரப்-இன்ஸ்டால்’ கொடுங்கள், அந்தக் குறிப்பு உபுண்டுவைக் காட்டும். மின்ட்டுக்குத் தனி வாசல் இல்லாததால் செயின்லோடர் உதவாது. அதற்குப் பதில் மின்ட்டின் ரூட் பார்ட்டிஷனுக்கான நீண்ட யுயுஐடியைச் செர்ச் வரியில் போட்டு, ‘ஃபேட்’ இருந்த இடத்தில் ‘இஎக்ஸ்டி2’ என்று மாற்றி (இஎக்ஸ்டி4க்கும் அதே பெயர்தான்), கடைசி வரியை இப்படி எழுதுங்கள்:

கான்ஃபிக்ஃபைல் /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி

இது மின்ட்டின் மெனுவை அப்படியே திறக்கும். இரண்டின் கர்னலும் ஒரே கையெழுத்து என்பதால் செக்யூர் பூட்டும் தடுக்காது. மின்ட்டுக்கு ‘/பூட்’ தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதன் யுயுஐடியைப் போட்டு, பாதையில் ‘/பூட்’டை எடுத்துவிடுங்கள். மின்ட்டில் கிரப் தொகுப்பு அப்டேட் ஆகும்போது அது மறுபடியும் ஃபோல்டரைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க, மின்ட்டில் ‘சூடோ ஏபிடி-மார்க் ஹோல்ட் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-சைன்ட் ஷிம்-சைன்ட்’ என்று பூட்டி வையுங்கள்.

பழைய பயாஸ் கணினியில்

டிஸ்கின் முதல் 512 பைட்டில் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். அங்கே ஒருவர்தான் உட்கார முடியும், அடுத்து வருபவர் முன்னவரைத் தள்ளிவிடுவார். ஆகவே பொறுப்பாளரைத் தவிர மற்றவற்றை நிறுவும்போது பூட் லோடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலே சொன்ன கான்ஃபிக்ஃபைல் முறையில் சேர்க்கலாம். ஃபெடோரா இருந்தால் மட்டும் அதையே பொறுப்பாளராக்குங்கள். ஃபெடோரா 30 முதல் அதன் மெனு வரிகள் தனித்தனிக் கோப்புகளாக வேறு வடிவில் இருக்கின்றன, டெபியன் 12இன் கிரப்புக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது.

மெனு வராமல் போனால்

முதலில் பென்டிரைவைத் தேட வேண்டாம். கணினியை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று உங்கள் கணினிக்கு எது பொருந்துமோ அந்த விசையைத் தட்டுங்கள். ஃபர்ம்வேரின் சொந்தப் பட்டியல் வரும். மூன்றில் ஒன்று அங்கே தெரிந்தாலே உள்ளே போய் இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் வரிசையைச் சரிசெய்துவிடலாம்.

‘கிரப்>’ என்று நின்றால் ‘எல்எஸ்’ அடித்துப் பார்ட்டிஷன்களைப் பாருங்கள். ‘எல்எஸ் (ஹெச்டி0,ஜிபிடி2)/’ என்று ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்து, டெபியனின் ரூட் கிடைத்ததும் ‘கான்ஃபிக்ஃபைல் (ஹெச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி’ என்று கொடுத்தால் மெனு வந்துவிடும். எழுந்ததும் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்டுங்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு சில லேப்டாப்புகள் பட்டியலையே மறந்துவிடும். எதுவுமே எழவில்லையென்றால்தான் லைவ் யுஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்):

1. யுஇஎஃப்ஐ முறையில் லைவ் யுஎஸ்பியில் எழுங்கள்.
2. டெபியனின் ரூட்டை ‘/எம்என்டி’யிலும், இஎஸ்பியை ‘/எம்என்டி/பூட்/இஎஃப்ஐ’யிலும் மவுண்ட் செய்யுங்கள்.
3. ‘/டெவ்’, ‘/ப்ராக்’, ‘/சிஸ்’, ‘/ரன்’ நான்கையும் ‘மவுண்ட் --ஆர்பைண்ட்’ மூலம் ‘/எம்என்டி’க்குள் இணையுங்கள். ஆர் இல்லாத வெறும் பைண்ட் போட்டால், மதர்போர்டின் பட்டியலை எட்ட முடியாமல் ‘இஎஃப்ஐ வேரியபிள்கள் இல்லை’ என்று முறையிடும்.
4. ‘சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி’ கொடுத்து உள்ளே போய், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப்.

ஒன்றைத் தூக்கும்போது

ஃபெடோரா போதும் என்று தோன்றினால் பார்ட்டிஷனில் ஆரம்பிக்காதீர்கள். டெபியனின் 40_கஸ்டமில் அதன் வரிகளை நீக்கி அப்டேட்-கிரப் கொடுங்கள். ‘சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -பி 0003 -பி’ என்று பட்டியலிலிருந்து எடுங்கள். முதல் ‘பி’ சிற்றெழுத்து, இரண்டாவது பேரெழுத்து. இஎஸ்பியில் ‘இஎஃப்ஐ/ஃபெடோரா’ ஃபோல்டரை நீக்குங்கள். ஒருமுறை மறுதொடக்கம் செய்து டெபியனும் மின்ட்டும் எழுகின்றன என்று பார்த்த பிறகே பார்ட்டிஷனை அழியுங்கள். தூக்கப்போவது டெபியனையே என்றால், மின்ட்டை வரிசையில் முன்னால் கொண்டுவந்து, அதன் 40_கஸ்டமில் ஃபெடோராவைச் சேர்த்து, அந்த மெனுவிலிருந்து ஃபெடோராவும் எழுவதைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.